வேலை மயூர் விஹாரில், வீடு கோல் மார்க்கெட்டில்

வேலை எங்கே கிடைக்கிறதோ அதற்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதுதான் உலக வழக்கம். தில்லி பஸ்ஸில் நான்கு நாள் போய் வந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்சவேணிக்கு மட்டும் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. மயூர் விஹாரில் வேலை கிடைத்த மறுவாரம், யமுனைக்கு இந்தப் பக்கம், கோல் மார்க்கெட்டில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி, பின்னறை காலியாக இருக்கிறதா என்று கேட்டாள். 2002 ஜனவரி. பனிமூட்டத்தில் எதிர்வீடே தெரியாத காலை.

"மயூர் விஹார்ல நம்ம மனுஷா எத்தனையோ பேர் இருக்காளே. அங்க பாக்காம இங்க எதுக்கும்மா வரே?" என்றேன்.

"பிள்ளைங்க இங்கதானே மாமி இருக்காங்க?"

கல்யாணமே ஆகாதவள் என்று சொல்லித்தான் தெரிந்தவர்கள் அவளை அனுப்பியிருந்தார்கள். நான் விழித்ததைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். பிள்ளைகள் என்று அவள் சொன்னது, எங்கள் தெருவைத் தாண்டி இருக்கும் தமிழ்ப் பள்ளியின் பத்தாம் வகுப்பை.

அம்சவேணி நெல்லிக்குப்பத்துக்காரி. கணக்கில் எம்.எஸ்ஸி., பி.எட். ரயில்வேயில் இருந்த மாமன் குடும்பத்தோடு தில்லிக்கு வந்தவள். மாமனுக்கு மாற்றல் வந்து அவர் போய்விட்டார், இவள் போகவில்லை. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் தற்காலிக வேலைகள். ஜூலையில் எடுப்பார்கள், கோடை விடுமுறைக்குச் சம்பளம் கொடுக்க மனம் வராமல் ஏப்ரலில் 'தேங்க் யூ மேடம்' என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஜூலையில் வேறு பள்ளி, வேறு முகங்கள். வீட்டுக்காரர்களும் அப்படியே. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் தம்பிக்குக் கல்யாணம், அக்கா வருகிறாள் என்று ஏதாவது ஒன்று முளைக்கும். கரோல் பாக் மொட்டைமாடி அறை, முனிர்கா, ஆர்.கே.புரம், சரோஜினி நகர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறாள்.

தனியாக வீடு தேடுகிற பெண்ணைத் தில்லி என்ன பார்வை பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். "அகேலி ஹோ?", தனியாகவா இருக்கிறாய் என்பதுதான் முதல் கேள்வி. இவள் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. ஒவ்வொரு புது அறையிலும் பால் காய்ச்சிப் பொங்கவிட்டு, அடுப்பெல்லாம் வழிகிறதே என்று ஓடிவந்த கரோல் பாக் பஞ்சாபி அம்மாளையே உட்காரவைத்து, அந்தப் பாலிலேயே டீ போட்டுக் கொடுத்தவள். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கும் எனக்கு இன்றைக்கும் ப்ளூலைன் பஸ் கண்டக்டரிடம் வாய் கொடுக்கப் பயம். அவளோ கடலூர் இழுவையோடு ஹிந்தியில் சண்டை போட்டு மீதிச் சில்லறை வாங்குவாள்.

எங்கள் பக்கத்துப் பள்ளியில்தான் அவளுக்குக் கொஞ்சம் நிலைத்தது. அங்கே கணக்கு டீச்சர் நீண்ட விடுப்பில் போனதால் எட்டாம் வகுப்பு இவளிடம் வந்தது. அந்த டீச்சர் விடுப்பை நீட்டிக்க, அதே பிள்ளைகளோடு இவளும் ஒன்பதுக்குப் போனாள், பிறகு பத்துக்கும் போனாள். டிசம்பரில் அந்த டீச்சர் திரும்பிவிட்டார். அவருடைய இடம் அது. யாரைக் குறை சொல்வது? அதே மாதம் சரோஜினி நகர் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி அறையும் போயிற்று. மயூர் விஹார் பள்ளி மட்டும் கைகொடுத்தது, அதுவும் நிரந்தர வேலை.

"எட்டு வருஷமா டீச்சர் வேலை பாக்கறேன் மாமி. ஒரு கிளாஸையாவது கடைசி வரைக்கும் பார்த்ததில்ல. பாதியில பாதியில விட்டுட்டு வந்துகிட்டே இருக்கேன். இந்தப் பிள்ளைங்கள மட்டும் பரீட்சை வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்துடணும். அந்த டீச்சர்கிட்டயும் கேட்டுட்டேன், தாராளமா செய்யின்னாங்க." காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி இதைச் சொன்னாள். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அறையை உள்வாடகைக்கு விடுவது விதிப்படி தப்பு. என் கணவர் ராமமூர்த்தி, வாசலில் ஸ்கூட்டர் நின்றாலே சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று உள்ளே போய்விடுவார். உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்து ஆகுமா என்று நான் தைரியம் சொல்வேன். ஆனால் மாலையில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து, வாசலில் செருப்பு மலை குவிந்தபோது எனக்கே பயம் வந்துவிட்டது. "கல்யாண வீடுன்னு நெனச்சுண்டு யாராவது உள்ள நுழைஞ்சுடுவா," என்றேன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் செருப்பைப் பாலிதீன் பையில் போட்டு, கையோடு உள்ளே எடுத்து வந்தது. அவள் கட்டளை.

இருட்டு விலகாத காலையில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவாள். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவி ஒரு வாய் காபி, உடனே வகுப்பு. சரியாகப் போட்டவர்களை அவள் கண்டுகொள்ளவே மாட்டாள். தப்பாகப் போட்டவர்களைத்தான் முதலில் பலகைக்குக் கூப்பிடுவாள். "எங்க வழி தப்பினேன்னு நீயே தேடிக் கண்டுபிடி," என்பாள். "மேம், யே வாலா ஃபிர் ஸே சொல்லுங்க," என்று மறுபடி சொல்லச் சொல்லி அதுகள் கெஞ்சும். பிரியதர்ஷினி என்று ஒருத்தி, விமானப்படைக்காரர் பெண், கேஸ் சிலிண்டர் ஓரமாக ஒடுங்கி உட்காருவாள். வாயால் கேட்டால் விடை சொல்லிவிடுவாள், பேப்பரும் கடிகாரமும் முன்னால் இருந்தால் கை ஓடாது. மற்றவர்கள் போன பிறகும் அவளை மட்டும் வைத்துக்கொண்டு, என் சமையலறைக் கடிகாரத்தை எதிரே நிறுத்திப் பழக்குவாள் அம்சவேணி. எத்தனையோ வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன். இவளைப் போல ஒருத்தியை என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மார்ச்சில் பரீட்சை முடிந்தது. மே கடைசியில் ரிசல்ட் வரும், அதைப் பார்த்துவிட்டு மயூர் விஹாருக்கே குடிபோகிறேன் என்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி நல்ல அறை ஒன்று அமைந்திருந்தது. ரிசல்ட் அன்று அவள் பெட்டிகள் கயிறு கட்டித் தயாராகக் கூடத்தில் இருந்தன. மறுநாள் காலை டெம்போ வருவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் லட்டுப் பெட்டிகளோடு ஓடிவந்தன. "மேம், கணக்குல எண்பத்தெட்டு!" "மேம், எனக்குத் தொண்ணூத்தொண்ணு!" என்று ஒரே கூச்சல். யார் வீட்டு வாசல், யார் பார்ப்பார்கள் என்ற கவலையெல்லாம் எனக்கும் பறந்துவிட்டது. அம்சவேணி அழுதாள், சிரித்தாள், ஒவ்வொன்றின் தலையையும் தொட்டாள். லட்டை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"பிரியதர்ஷினி எங்க?"

கூச்சல் அடங்கியது. "மேம், அவளுக்குக் கணக்குல கம்பார்ட்மென்ட்," என்றான் ஒரு பையன். ஒரு பாடத்தில் தேறாமல் போனால் ஜூலையில் மறுபடி எழுத வேண்டும்.

லட்டைத் தட்டில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். நானும் கூடவே போனேன். பிரியதர்ஷினியின் அம்மா கதவைப் பாதி திறந்து, "காலையிலேருந்து ரூமை விட்டு வரல டீச்சர். யாரையும் பாக்கமாட்டேங்கறா," என்றாள்.

அம்சவேணி உள்ளே போய், மூடிய அறைக் கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள். திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "பிரியா, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடு. என் கிளாஸ் இன்னும் முடியல," என்றாள்.

அம்சவேணி எழுந்திருக்காமல் அங்கேயே இருந்தாள். பிறகு தாழ்ப்பாள் விலகியது.

வீடு திரும்பியதும் அம்சவேணி டெம்போக்காரனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னாள். அன்று சாயங்காலம் அவளும் நானுமாக உட்கார்ந்து பெட்டிக் கயிறுகளை அவிழ்த்தோம்.