இரண்டு ஊரில் காய்ச்சிய பால்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். எந்த ஊர்ப் படியில் ஏறுவது என்பதில்தான் ஓர் ஆனி மாதம் முழுக்க வீட்டில் சண்டை நடந்தது.

அப்போது நாங்கள் கிள்ளையில் இருந்தோம். அப்பா டீ மாஸ்டர். அவர் நின்று டீ ஆற்றிய கடையை அதன் முதலாளி மூடிவிட்டார். மஞ்சக்குப்பத்தில், அரசு அலுவலகங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கூட்டம் ஓயாத கடை, நிலையான வேலை. ஆகவே கடலூருக்குக் குடிபோகலாம் என்றார் அப்பா. அம்மாவுக்கோ சிதம்பரம். அங்கே அவளுடைய அண்ணன், என் மாமா, ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இருந்த தெருவிலிருந்து பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். எந்த ஊருக்குப் போனாலும் அம்மாவும் வேலைக்குப் போயாக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது அவள் கேள்வி.

"கடலூர்ல புள்ளைங்களே இல்லியா? அதுங்களாம் வளரலியா?" என்பார் அப்பா.

"வளருது. அதுங்களுக்கு ஊட்டுல ஆளு இருக்குது" என்பாள் அம்மா.

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் நான் சுவரோரம் உட்கார்ந்து என் சிலேட்டை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பேன். பால்வாடியில் எழுத்து கற்றுக்கொண்டவள் நான். பஸ் முகப்பில் இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்வதும் நான்தான். ஆனாலும் அவர்கள் சண்டையில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. நான் என்று ஒருத்தி இல்லாவிட்டால் இவர்கள் எந்த ஊருக்கும் நிம்மதியாகப் போயிருப்பார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்து நாளாகிவிட்டது. தெருப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போனார்கள். என்னை மட்டும் எங்கேயும் சேர்க்கவில்லை.

ஆனி முடியும் நாளில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் புறப்பட்டார். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு மாறுவதில்லை. சும்மா ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் அம்மாவிடம் சொன்னார்.

வீடு மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய சாலையை ஒட்டி இருந்தது. வாசலைத் தாண்டினால் ரோடு. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதைக் கடக்கும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. வீட்டுக்கார அம்மாள் நல்ல மாதிரி. ஆனால் அவசரக்காரர்.

"சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க. புடிச்சிருந்தா இன்னிக்கே பால் காய்ச்சிருங்க. நாளையிலேர்ந்து ஆடி. அப்புறம் அவுங்களுக்குக் குடுத்துட்டேன்னு என்னைச் சொல்லக் கூடாது."

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னை அங்கேயே நிறுத்திவிட்டுப் போய், ஒரு பால் பாக்கெட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கும் வாங்கி வந்தார். பால் காய்ச்சிவிட்டால் வீடு நம்முடையது மாதிரிதான். ஆடி முடிந்து சாமானோடு வந்தால் போதும். வீட்டுக்கார அம்மாள் தன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் ஒரு பாத்திரத்தையும் கொடுத்தார்.

வெறும் வீட்டில் அந்த ஸ்டவ் பெரிதாக இரைந்தது. பால் பொங்கி வழிய வேண்டும், அப்போதுதான் குடும்பம் தழைக்கும் என்பது எனக்கும் தெரியும். நான் குந்தி உட்கார்ந்து பாத்திரத்தையே பார்த்தேன். ஓரத்தில் நுரை கட்டியது.

"பள்ளிக்கூடம் உட்டு வந்தா பாப்பாவ யாரு பாத்துக்குவாங்க?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார்.

"அவளே வந்து குந்திக்கினு இருப்பா. கெட்டிக்காரி" என்றார் அப்பா.

"ரோட்டைத் தாண்டியா?"

அப்பா வாசல் வழியே ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பால் விளிம்புக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் கை நீண்டு ஸ்டவ்வைத் தணித்தது. பால் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது.

"அய்ய, பொங்கலியே!" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"கைப்பழக்கம்மா" என்றார் அப்பா.

மீந்த பாலைத் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பொங்காத வீட்டில் என்னை மட்டும் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் எங்கேயோ போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கிள்ளைக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் மாமாவின் ஆட்டோ நின்றது. உள்ளே அம்மா சிரித்த முகமாக ஒரு தூக்கைத் திறந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பால். மாமா அவளை அன்றைக்குச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். சும்மா வீடு பார்க்கத்தான். அந்த வீட்டுக்காரரும் ஆடியைச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் பால் காய்ச்சிவிட்டாள்.

அப்பா தன் கையிலிருந்த தூக்கைத் தரையில் வைத்தார். இரண்டு தூக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதலில் சிரித்தது மாமா.

"மாப்ள, ஒரே நாள்ல ரெண்டு வூட்டுக்காரன் ஆயிட்டியே!"

அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு ஊட்டுல பால் காய்ச்சினா குடும்பம் ரெண்டாப் போயிடும்" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

அவ்வளவுதான். அப்பா கடலூரிலும் அம்மா சிதம்பரத்திலும். நடுவில் நான் எங்கே? இவர்களில் ஒருவரைக் காட்டச் சொல்லி என்னைத்தான் கேட்பார்கள், விரலை நீட்டச் சொல்வார்கள் என்று நினைத்து இரண்டு கையையும் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"உன்னுது பொங்குச்சா?" என்று அப்பாவைக் கேட்டாள் அம்மா. "என்னுது பொங்கி அடுப்பே அணைஞ்சிடுச்சி."

அப்பா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்லுடி. பொங்குச்சா, இல்லியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொங்கியது என்றால் இரண்டு வீடும் சமமாகிவிடும், குடும்பம் இரண்டாகிவிடும். இல்லை என்றால் அப்பா தோற்றுவிடுவார். தோற்றவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? அப்பா செம்புக்கு மேலே என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சொல்லு என்பதுபோல் தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

"அப்பா ஸ்டவ்வ கொறச்சிட்டாரு" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "டீ மாஸ்டர் கையில பாலைக் குடுத்தா எங்கேர்ந்து பொங்கும்? ஒரு சொட்டு வழிஞ்சா மொதலாளி கத்துவான்னு கை தானாப் போயிருக்கும்!"

"ஒரு நல்ல காரியத்துக்குக்கூடவா? உன் கையில தீயை வைக்க" என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வுடு, பழக்கதோஷம்" என்றார் அப்பா. "பொங்காத வூடு நமக்கு எதுக்கு? மச்சான், அந்த அம்மாளுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிடு."

ஒரு மாதச் சண்டை அதோடு முடிந்தது. ஆவணி பிறந்ததும் சிதம்பரத்துக்குக் குடிவந்தோம். தாமதமாகச் சேர்ந்தாலும் வகுப்பில் பாடத்தைச் சத்தமாக வாசிக்க டீச்சர் என்னைத்தான் எழுப்பி நிறுத்துவார். பள்ளி விட்டதும் வாசலில் மாமாவின் ஆட்டோ நிற்கும். அப்பா விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பினார். பஸ்ஸிலேயே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து வந்த நாட்களும் உண்டு. பாலைப் பொங்கவிடத் தெரியாததற்கு அப்பாவுக்குக் கிடைத்த தண்டனை இது என்று நான் நம்பினேன். பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

அந்தத் தைக்கு வாசலில் பொங்கல் வைத்தோம். பானையில் பால் சூடாகிக்கொண்டிருந்தது. மஞ்சள் கொத்தைக் கட்ட நூல் எடுக்க அம்மா உள்ளே போனாள். போகும்போதே, "யோவ், பழக்கதோஷம்னு இதுலயும் கைய வச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா பானைக்குப் பக்கத்தில் நின்றார். பால் ஏறியது. விளிம்பைத் தொட்டது. அவர் விறகை இழுக்கவில்லை, கரண்டியைத் தேடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நுரை நாலு பக்கமும் வழிந்து நெருப்பு சீறியது. மாமா கூவினார். நானும் கூவினேன்.

அம்மா நூலோடு ஓடிவந்தாள். பானையை அவள் பார்க்கவே இல்லை. கட்டியபடியே இருந்த அப்பாவின் கைகளைத்தான் பார்த்தாள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொங்கல் முடிந்து அப்பா வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், விளக்கு வெளிச்சம் முகத்தில் பட்டு நான் கண்விழித்தேன். அத்தனை நாளும் தூங்கிக்கொண்டிருக்கும் அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, அவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தினமும் போட்டாள். ஊருக்கெல்லாம் டீ போடுகிறவருக்கு வீட்டில் எதற்கு ஒரு டீ என்று எனக்கு விளங்கவே இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.