தசைனுக்கு ஒரு நாள் விடுப்பு

ஒரு வேலையை இரண்டு தடவை செய்வது தங்கராஜுவுக்கு அறவே பிடிக்காது. லாயாங் லாயாங் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, பதிமூன்று வயதில் லாரி கழுவப் போனவர், இன்று கூலாய் டவுனில் சொந்தமாக டயர் கடை வைத்திருக்கிறார். ஒரே நேரத்தில் ஐந்து லாரி உள்ளே நிற்கும். மாரியம்மன் கோயிலுக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவர். படித்தவர்கள் மூன்று பேர் எதிர்த்து நின்று பார்த்தார்கள். மூன்று பேரும் இப்போது அன்னதானப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறார்கள். அப்படிப்பட்ட மனிதர், ஒற்றை விண்ணப்பப் பாரத்துக்காகக் கடையை விட்டுவிட்டு, பல்கலைக்கழக வாசலில் கார் நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்றினார் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

விஷயம் இதுதான். அஸ்மிதா என்று ஒரு நேப்பாளப் பெண், அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூலாய்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேப்பாளிகள் வருடா வருடம் தசைன் பண்டிகையின் பத்தாம் நாளுக்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்குவார்கள். என்ன பண்டிகை என்று தங்கராஜு ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து, பெரியவர்கள் சின்னவர்களுக்கு அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் குழைத்து நெற்றி நிறையப் பொட்டு வைப்பார்கள். இந்த வருடம் நேரம் வியாழக்கிழமை பகல் பதினொன்றே முக்கால். அதே வியாழன் பத்து மணிக்கு அவளுக்கு ஆய்வுக்கூடத் தேர்வு. விடுப்பு இல்லாமல் போகாவிட்டால் முட்டை. பாடத்தையே அடுத்த வருடம் திரும்ப எடுக்க வேண்டும். விடுப்புப் பாரத்தில் ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்தின் கையெழுத்தும் சாப்பும், அதாவது ரப்பர் முத்திரையும், கேட்டிருந்தது.

போன வாரம் அவள் பாரத்தோடு டயர் கடைக்கு வந்தாள். அவள் கற்ற மலாயும் இவருடைய சந்தை மலாயும் சேர்ந்து ஒரு மாதிரி பேச்சு ஓடியது.

"பத்தொன்பது வருஷத் தலைவர் நான். எனக்குத் தெரியாம அப்படி என்ன பண்டிகை?"

"எங்களுக்கு இதுதான் பெரிசு, அங்கிள்."

"பெரிசுன்னா, எங்க தீபாவளி மாதிரியா?"

"அந்த மாதிரி பெரிசு."

போதும், தங்கராஜுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோயில் கடிதம், பாரம் எல்லாம் எழுதுகிறவர் செயலாளர் வாசுகி, பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சாயந்திரம்தான் வருவார். அதுவரைக்கும் காத்திருக்க இவர் என்ன வேலையில்லாதவரா? தாமே பேனாவை எடுத்தார். கவுண்டரில் இருக்கிறவனுக்குத் தசைனைத் தெரியுமா? தெரிந்த பேரைப் போட்டால்தானே வேலை நடக்கும்? கொட்டை கொட்டையாக 'நேப்பாளிகளின் தீபாவளி' என்று மலாயில் எழுதி, மேசை அதிரச் சாப்பு அடித்தார்.

"என் சாப்பு போன இடத்துல இருந்து திரும்பி வந்ததில்ல. நீ போய்ப் படி."

திங்கட்கிழமை திரும்பி வந்தது. 'தீபாவளி இருபதாம் தேதி. ஏற்கெனவே பொது விடுமுறை. நிராகரிக்கப்பட்டது.'

வாசுகி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு தலைவரே எழுதினது?"

"நான்தான்."

"அதானே பார்த்தேன். ஒரே மாசத்துல ரெண்டு தீபாவளி! அந்தப் பிள்ளை பேரைச் சரியாச் சொல்லிச்சா இல்லையா?"

"சொல்லிச்சு."

"அப்புறம்?"

அப்புறம் என்ன, செவ்வாய்க்கிழமை காரை எடுத்தார். தேர்வுக்கு இரண்டே நாள்.

கவுண்டரில் ஆப்ரின் என்று ஒரு தமிழ் முஸ்லிம் பெண். சிகாமட் ஊர்க்காரி.

"அங்கிள், கம்ப்யூட்டர்ல இந்துன்னு தட்டினா தீபாவளி, தைப்பூசம், பொங்கல். மூணுதான் வருது."

"வாசல்ல முப்பது நாட்டுக் கொடி கட்டி வச்சிருக்கீங்க, படபடன்னு ஆடுது. கொடிக்கு இடம் இருக்கு, பண்டிகைக்கு மட்டும் மூணு கட்டமா?"

"என்கிட்ட கத்தாதீங்க லா. ரஷ்யாப் பொண்ணு ஜனவரி ஏழாம் தேதி கிறிஸ்மஸ்ங்குது. நோன்புப் பெருநாள்னு ஆளுக்கு ஒரு தேதியில வந்து நிக்கிறாங்க. லிஸ்ட் மேலிடத்துல போட்டது. திட்டு மட்டும் நான் வாங்கிக்கிறேன்."

"அப்ப இந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

"லிஸ்ட்ல இல்லைன்னாலும் கோயில் கடிதம் சரியா இருந்தா டீன் கையெழுத்துப் போடுவாங்க. நீங்க முதல்ல தீபாவளின்னு எழுதினீங்க, இப்ப தசைன்ங்கிறீங்க. லீவுக்காகப் பொண்ணு கதை விடுதுன்னுதான் நினைப்பாங்க."

அஸ்மிதா பக்கத்திலேயே நின்றாள், பையை நெஞ்சோடு அணைத்தபடி. தமிழ் புரியாவிட்டாலும் பேச்சு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. 'இந்த அங்கிள்தான் மாற்றி எழுதினார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் தங்கராஜுவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, என்னதான் செய்யணும்?"

"முதல்ல பாரத்துல எழுதினது தப்புன்னு நீங்களே ஒரு கடிதம் எழுதி, சாப்பு அடிச்சுக் குடுங்க."

தப்பு! தவுக்கே என்கிற லாரி முதலாளிகள், பேங்க் மேனேஜர், ஒரு போலீஸ் சார்ஜன் என்று எத்தனையோ பேரை நேருக்கு நேர் பார்த்தவர். ஒருத்தன் அந்த வார்த்தையை அவரிடமிருந்து வாங்கியதில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார், பல்கலைக்கழகத்தின் பேனா சரியில்லை என்றார். பிறகு எழுதினார்: 'மாணவி சரியாகச் சொன்ன பண்டிகைப் பெயரை, கோயில் தலைவராகிய நான் என் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டேன். தவறு என்னுடையது. பண்டிகையின் பெயர்' என்று வந்ததும் நிறுத்தி, தாளை அஸ்மிதா பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது."

அவள் எழுதினாள். இவர் கையெழுத்தையும், பையில் கொண்டுவந்திருந்த சாப்பையும் போட்டார். ஆப்ரின் தாளை உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். விடுப்பு உண்டு, தேர்வு அடுத்த செவ்வாய்க்கிழமை. அஸ்மிதா சட்டென்று குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். "எழுந்திரும்மா, ஆபீசு இது!" என்று அதட்டினார்.

"அடுத்த வருஷம் இந்த ரகளை இருக்காதில்ல?" என்று ஆப்ரினைக் கேட்டார்.

"இருக்கும் அங்கிள். லிஸ்ட்ல சேர்க்க வேற பாரம் இருக்கு. நாலு பக்கம். ரெண்டு வருஷமா யாரும் கேட்டதில்ல."

"அலமாக்! நாலு பக்கமா?"

"ஆமா. இப்ப நான் சாப்பிடப் போகணும், கவுண்டரை மூடணும்."

தங்கராஜு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொன்றை இழுத்து அஸ்மிதாவையும் உட்காரச் சொன்னார்.

"பாரத்தைக் குடுத்துட்டு மூடும்மா. நிதானமாச் சாப்பிட்டுட்டு வா. நாலு பக்கம் எழுத எனக்கு நேரமாகும்."