மர ஷெட்டில் குடியிருப்பவள்

மர ஷெட்டால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் விறகு போடலாம், சைக்கிள் நிறுத்தலாம், தேங்காய் மட்டை அடுக்கலாம் என்று சொல்வார்கள். அவர்கள் யாரும் ஷெட்டில் குடியிருந்தது இல்லை. நான் இருக்கிறேன். திருமங்கலம் ரோட்டுப் பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தை ஒட்டி.

முதலில் நான் குடியிருப்பதற்காக அதைப் போடவில்லை. புருஷன் வேண்டாம் என்று நான் திரும்பி வந்தபோது என் கல்யாணச் சீர் எல்லாம் என்கூடவே வந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர், பாத்திர மூட்டைகள். "இம்புட்டையும் எங்க வைக்கிறது?" என்று மதினி வாசலிலேயே கேட்டார். பின்னால் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார் அண்ணன். முதல் மழையிலேயே பீரோவின் அடிப்பக்கம் துருப்பிடித்துவிட்டது. நான் ஆரப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பழைய மரக்கடைக்குப் போனேன். இடித்த வீடுகளிலிருந்து வந்த பலகைகள் அங்கே குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பெயிண்டோடு இருக்கும். பொறுக்கி எடுத்து, ஆசாரியை வைத்து ஷெட் போட்டேன். வேப்பங்கால், பலகைச் சுவர், மேலே தகரம். செலவு முழுக்க என்னுடையது. அண்ணன் செய்தது ஒன்றே ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பொருட்கள் உள்ளே போயின. நான் ஹாலில் படுத்தேன்.

ஹாலில் படுத்தவர்களுக்குத் தெரியும். டிவி பார்ப்பவர்கள் எல்லாரும் எழுந்து போகும்வரை பாயை விரிக்க முடியாது. காலையில் முதல் ஆள் எழும்போது நாமும் எழுந்து பாயைச் சுருட்டிவிட வேண்டும். தலைவலி என்று பகலில் படுத்தால், வருகிறவர்கள் எல்லாரும் என்ன என்ன என்று கேட்பார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவர் நம்மைத் தாண்டித்தான் போவார். ஒரு சித்திரை மாத ராத்திரி, கான்கிரீட் கூரை மேலிருந்து அனலைக் கக்கிக்கொண்டிருந்தபோது, பீரோவில் ஒரு சேலையை எடுக்க ஷெட்டுக்குள் போனேன். பலகைச் சுவர் குளிர்ந்து கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் மரம் சூட்டை விட்டுவிடும். சிமெண்ட் விடாது. என் கட்டில் அங்கேதானே இருக்கிறது என்று படுத்தேன். அதன் பிறகு ஹாலுக்குப் போகவில்லை.

வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு லைட்டும் டேபிள் ஃபேனும் போட்டுக்கொண்டேன். வருஷத்துக்கு ஒருமுறை கரையான் ஏறாமலிருக்கக் கால்களுக்குக் கழிவு ஆயில் பூசுவேன். ஒரு வாரத்துக்கு நாற்றம் தாங்காது. மழையில் தகரம் போடுகிற சத்தத்தில் போன் பேச முடியாது. எலி வரும். இதெல்லாம் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நினைத்தபோது லைட்டைப் போடலாம், நினைத்தபோது அணைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா படுத்துக் கிடக்கலாம். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

அண்ணனுக்கு அது அசிங்கமாக இருந்தது. கூடப்பிறந்தவளைக் கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களாம். ஹாலில் தரையில் படுத்திருந்தபோது ஒருவரும் பேசவில்லை. அது வீட்டுக்குள் நடக்கிறது, வெளியே தெரியாது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அண்ணன் மகளுக்கு எழுமலைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. நல்ல இடம். பையன் ஸ்கூல் வாத்தியார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அண்ணன் பின்பக்கம் வந்து நின்றார்.

"ஷெட்டைப் பிரிச்சிருவோம்."

"எதுக்கு?"

"வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நான் இருக்கேன்னு நெனப்பாங்க."

"அதான் வேணாங்கிறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி நடுவில் வந்து ஒரு வழி சொன்னார். இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். விறகு ஷெட் மாதிரி ஆக்கிவிடுவோம். கல்யாணம் முடிந்ததும் பிரித்துவிட்டு அந்த இடத்தில் வண்டி நிறுத்தலாம், நான் ஹாலுக்கு வந்துவிடலாம். அண்ணன் அதற்குத் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை.

அண்ணன் மகள் மட்டும், "அத்தை, ஷெட்டப் பாத்துப் பயந்து ஓடுற மாப்ள ஓடட்டும். எனக்கும் தொல்லை மிச்சம்" என்றாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். ஷெட் முன்னால் விறகும் மட்டையும் அடுக்கினோம். என் சேலைக் கொடியை அவிழ்த்தோம். நான் குடியிருக்கிற இடத்தை நானே குப்பை மாதிரி ஆக்கினேன். கையெல்லாம் சிராய்.

வந்தார்கள். காபி, கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனது. பையனின் அம்மா கை கழுவப் பின்பக்கம் வந்தார். மதினி என்னைக் கூடப் போகச் சொன்னார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"வெறகுக்கு ஃபேனெல்லாம் போட்டிருக்கீங்க" என்றார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் வாழ்க்கையில் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

"நான் இருக்கிற எடம் அக்கா. நீங்க வர்றீங்கன்னு வெறகு போட்டு மூடிருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. மட்டையை ஒதுக்கி வழி விடச் சொன்னார். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பலகைகளைப் பார்த்தார். பச்சை, நீலம், மஞ்சள் என்று கலர் கலராக இருக்கும்.

"யாரு போட்டது?"

"நான்தான். என் சம்பாத்தியத்துல."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார்.

"எங்க வீட்டுல பாத்ரூம தவிர நான் தாழ்ப்பா போட்டுக்கிற கதவு ஒண்ணு கெடையாது தங்கச்சி" என்றார்.

வெளியே மதினி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா தாழ்ப்பாளை எடுத்தபோது நான் கேட்டேன்.

"இத வச்சு பொண்ணு வேணாம்னு சொல்லிருவீங்களா அக்கா?"

"பேசாம வா."

ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு என் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "அண்ணே, தங்கச்சிக்குன்னு பின்னாடி தனியா ரூம் போட்டுக் குடுத்திருக்கீங்க. எல்லாரும் செய்ய மாட்டாங்க. கூடப்பொறந்தவள இப்படி வச்சிருக்கிற வீட்டுல பொண்ணெடுக்க நாங்க யோசிக்கவே வேண்டியதில்ல."

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி கேசரித் தட்டைப் பார்த்தார். பிறகு அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமா, நாமதான பாத்துக்கணும். நல்ல தேக்குப் பலகையாப் பாத்துப் போட்டேன்" என்றார்.

அதில் தேக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. மரக்கடைக்கு அவர் வந்ததே இல்லை. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் நான் சும்மா இருந்ததே இல்லை. புருஷன் வீட்டில் சும்மா இருக்கத் தெரியாததால்தான் இந்த ஷெட்டே வந்தது. ஆனால் அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். யார் போட்டது என்று தெரிந்துகொண்டுதான் அதை என் அண்ணன் தலையில் கட்டினார். நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்று இத்தனை பேர் முன்னால் சொன்ன ஆள் அதைப் பிரிக்க முடியாது. சம்பந்தி வரும்போதெல்லாம் அது நிற்க வேண்டும்.

நான் வாயை மூடிக்கொண்டு காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஷெட்டைப் பிரிக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. இப்போது வருகிற சொந்தக்காரர்களை அண்ணனே பின்னால் கூட்டி வந்து காட்டுகிறார். "தங்கச்சிக்குப் போட்டுக் குடுத்தது" என்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். நான் போட்டது என்றால் பிரிக்கலாம். அவர் கொடுத்தது என்றால் பிரிக்கக் கூடாது. இது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் எரிகிறது. அந்தக் கணக்கில்தான் நான் குடியிருக்கிறேன் என்பதும் தெரிகிறது.

போன வாரம் அண்ணன் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். மண் தரையில் தங்கச்சி இருந்தால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்காது, சிமெண்ட் தரை போட வேண்டும் என்றார். என்ன கலர் வேண்டும் என்று கொத்தனார் அவரிடம்தான் கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் சிவப்பு என்றேன்.