பிள்ளைக்காம்பராவின் கீரைப்பாத்தி

இலங்கை மலையகத்தில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேச்சாயி பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தாள். தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறும்போது அங்கே விட்டுப்போகும் பதினேழு குழந்தைகள் அவள் பொறுப்பு. அவளுக்கென்று பிள்ளை இல்லை. புருஷன் காய்ச்சலில் போய் எட்டு வருடம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஒரு மாலை, வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுந்த பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரர் சிவராசாவிடம் போனாள். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் பையனின் கண்ணை விரித்துப் பார்த்தார்.

“மாலைக்கண். ரொட்டியும் தேத்தண்ணியும் விட்டால் இதுகள் வேற என்ன தின்னுதுகள்?”

“வேற என்னங்க கெடைக்குது?”

“கீரை குடு, ஆயா. பப்பாசிப்பழம் குடு. என்ர மருந்து கொஞ்ச நாளைக்குத்தான்.”

மறுநாளே பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னாலிருந்த சரிவைக் கொத்தத் தொடங்கினாள். ஒரு வருடத்தில் அங்கே பசளி, அகத்தி, போஞ்சி, நாலு பப்பாசி. கீரையைத் துப்பிய பிள்ளைகள் பிறகு தட்டைத் தேய்த்து நக்கின. விழுந்த பையன் அந்தியில் ஓடி விளையாடினான்.

அந்த மண்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஐம்பத்தேழு கார்த்திகையில் போஞ்சிக் கொடிக்கு நட்ட கம்புகள் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தன. நிமிர்த்தி நட்டாள். மூன்றே நாளில் மறுபடி சாய்ந்தன.

“எலி கொடையுது,” என்றார் கணக்கப்பிள்ளை இராமையா.

மார்கழி மழை பிடித்து ஐந்தாம் நாள் காலை, பாத்திக்கு மேலேயிருந்த ஊற்று நின்றுபோயிருந்தது. அத்தனை மழையிலும் ஒரு சொட்டு இல்லை. பப்பாசி மரத்தடியில் நிலம் நீளமாகப் பிளந்திருந்தது. ஒரு கம்பை உள்ளே விட்டாள், அடி தட்டவில்லை. குனிந்து கேட்டபோது, யாரோ பல்லைக் கடிப்பதுபோல உள்ளே ஒரு சத்தம்.

நேரே இராமையாவிடம் ஓடினாள். “ஐயா, மலை எறங்குது. பிள்ளைகள ஸ்டோருக்குக் கொண்டு போறேன்.”

“தொர பதுளைக்குப் போயிருக்காரு. வரட்டும்.”

“அவர் வரட்டுங்க. நாங்க போறோம்.”

லயத்து வீடுகளிலிருந்த இரண்டு பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொள்ள, நடக்கிற பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து வந்தன. எதிர்மேட்டிலிருந்த தேயிலை ஸ்டோரின் வாசலில் நிறுத்தித் தலைகளை எண்ணினாள். பதினேழு. எண்ணி முடித்துக் கொஞ்ச நேரத்தில் சரிவு மொத்தமாக இறங்கி, பிள்ளைக்காம்பராவின் கூரையை மூடிவிட்டது.

மேல்மலையில் கம்பளி போர்த்திக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தாய்மார் அதைத்தான் பார்த்தார்கள். பிள்ளைகள் வெளியே வந்தது அவர்களுக்குத் தெரியாது. கங்காணி மறித்தும் நல்லம்மா என்பவள் மட்டும் கைக்குச் சிக்காமல் இறங்கி ஓடிவந்து, சேற்றைக் கையால் தோண்டத் தொடங்கினாள். அவளுடைய மூன்று வயது மகள் முனியாயி பேச்சாயியின் இடுப்பில் இருந்தாள். பேச்சாயி தொண்டை கிழியக் கத்தினாள். மழையிரைச்சலில் அது போய்ச் சேரவில்லை. மலை இரண்டாவது முறை இறங்கி நல்லம்மாவையும் மூடியது.

“பதினேழும் உன்னாலதான் உயிரோட இருக்குதுகள்,” என்றார் சிவராசா.

“மேல ஒரு ஆள அனுப்பியிருக்கணுங்க.”

நல்லம்மாவின் புருஷன் அழகையா பேச்சாயியைக் குற்றம் சொல்லவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து அவளிடமே விட்டுவிட்டுப் போனான். ஆனால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் தணிந்த குரலில் வேறொன்று பேசினார்கள். ஆயா கொத்தினதாலதான் மண்ணு எளகிருச்சாம். அவள் காதிலும் அது விழுந்தது. அது உண்மையா என்று எத்தனை இராத்திரி யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

புதிய பிள்ளைக்காம்பராவை இன்னொரு சரிவின் கீழேதான் கட்டினார்கள். பேச்சாயி தினமும் ஓடைக்கரையில் தானாய் வளர்ந்த வல்லாரையைக் கிள்ளி வந்து பிள்ளைகளுக்குச் சோற்றில் பிசைந்தாள். மண்வெட்டியை மட்டும் தொடவில்லை.

அறுபத்தொன்றில், ஏழு வயது முனியாயி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிடி பூசணி விதையோடு வந்தாள்.

“காம்பராவுக்குப் பின்னால நடலாமா, ஆயா?”

பேச்சாயி மேலே நிமிர்ந்து பார்த்தாள். சரிவு பச்சையாக, அசையாமல் நின்றது.

“இந்த மண்ணக் கொத்துனா என்னாகும்னு எனக்குத் தெரியல, தாயி,” என்றாள்.