வவுனியாவுக்கே ஏத்துங்கோ

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த துணுக்காய் ஊர் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவரது விரல்கள் மட்டும் கட்டில் கம்பியில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன.

“இஞ்ச இப்பிடியே மாதக்கணக்கில படுத்திருந்தா எலும்பு பொருந்தும், ஆனா கால் நீளம் குறைஞ்சு கட்டையாகலாம். வவுனியாவில ஒப்பரேசன் செய்தா கெதியா எழும்பலாம். பாதையிலதான் சண்டை” என்றார் டொக்டர்.

“வழியில சோதனைச்சாவடியில மறிச்சுப்போட்டா என்ன செய்யிறது?” என்று அக்காவின் கணவர் தடுமாறினார்.

“இஞ்ச கிடந்தாலும் மறிச்சு வைச்ச மாதிரித்தான். வவுனியாவுக்கே ஏத்துங்கோ” என்றார் அக்கா.

மறுநாள் அம்புலன்சில் ஏற்றினார்கள்.

அடுத்த மாரிமழைக் காலத்தில் அவரைத் துணுக்காயில் கண்டேன். ஊன்றுகோலோடு வயல் வரம்பில் நின்று, களை பிடுங்கியவர்களை ஏசிக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை விட்டிறங்கி, அந்த ஏச்சைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.