லெஃபெவ்ர் வீட்டுச் சிங்கத்தை விசாரிக்கப் போன பயணம்

2014 சித்திரையில் பேத்தி சாருகா, ஜூலியன் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சுப் பொடியனைக் கட்டப் போகிறேன் என்றாள். பொடியன் தங்கம். அவன் தாயோடுதான் எனக்குச் சரிவரவில்லை. முதல் விருந்திலேயே சுவரில் மாட்டியிருந்த குடும்பச் சின்னத்தைக் காட்டினா: நீலக் கேடயம், முன்னங்காலைத் தூக்கி நிற்கிற மஞ்சள் சிங்கம். தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுத் திரிகிற உங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையாமே என்று சிரித்தா. அன்றைக்கு அவ போட்டிருந்த பச்சைச் சட்டைகூட எனக்கு மறக்கவில்லை.

சிங்கத்தைக் கண்டால் எங்கட ஈழத்துச் சனத்துக்கு எந்தக் கொடி நினைவு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெண் கொடுக்கமுன் ஊரில் போய் விசாரிக்கிறது எங்கட வழக்கம். விசாரிக்காமல் கலியாணத்தில் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாருகா அழுதாள். ஜூலியன் அவளிடம் பழகிய தமிழில், "வாங்கோ அம்மம்மா, போய்க் கேப்பம்" என்றான்.

ஒரு சனிக்கிழமை, பாரிசில் எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் வடை கட்டிக்கொண்டு மூவரும் கார் து நோர் ஸ்டேஷனுக்கு நடந்தோம், பத்து நிமிடம். ஷான்தியிக்கு ரயிலில் அரை மணித்தியாலம், டிக்கெட் ஒன்பது யூரோவுக்குள். அதற்கப்பால் லெஃபெவ்ர் ஆக்களின் ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், பஸ் குறைவு. டாக்சிக்காரர் என் முழங்காலைப் பார்த்துத் தானாகவே முன் சீற்றைப் பின்னால் தள்ளிவிட்டார். நல்லாயிருக்கட்டும்.

அந்த ஊரில் ஜூலியனின் அப்பப்பாவுக்குத் தங்கை ஒருத்தி, தொண்ணூறு வயது மனுசி, தனியாக இருக்கிறா. சிங்கம் எங்கிருந்து வந்தது என்று சாருகாவைக் கொண்டு கேட்டேன். மனுசி இருமும்வரை சிரித்தா. லெஃபெவ்ர் என்றால் பழைய பிரெஞ்சில் கொல்லனாம். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தபடியால் ஊருக்கு ஊர் லெஃபெவ்ரும் இருக்கிறார்கள், எல்லோரும் சொந்தமில்லை. சின்னமும் பெயருக்கு உரியதில்லை, அதை வைத்திருந்த குடும்பத்துக்கு மட்டும்தான். கடையில் பெயரைச் சொன்னால் யாருடையதையாவது அடித்துக் கொடுப்பார்களாம்.

"அது ஆரோ வசதியான லெஃபெவ்ரின்ர சிங்கம். நாங்கள் குதிரைக்கு லாடம் அடிச்ச ஆக்கள். நீங்கள் ஆர்?"

நான் என்ர அப்பு, அவருடைய அப்பு என்று ஏழு தலைமுறை சொன்னேன். தனக்குப் பாட்டனோடு சரி என்றா மனுசி.

கொல்லர் என்று கேட்டவுடன் எழும்பிப் போகிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். எனக்கு மனம் ஆறிவிட்டது. உழைத்துச் சாப்பிட்ட சனம்.

திரும்பும்போது ரயிலில் ஜூலியன் என் கையைப் பிடித்தான். "அம்மாட்டச் சொல்லாதேங்கோ. அப்பா செத்தாப்பிறகு அவ வாங்கி மாட்டினது. எனக்குப் பின்னால ஒரு குடும்பம் இருக்கெண்டு காட்ட."

நான் வடையை நீட்டினேன்.

இப்படிச் சம்பந்தம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போகவேண்டாம், பஸ்ஸே கிடையாது. பெயரை நம்பிச் சின்னம் வாங்கவேண்டாம். வீட்டில் ஆக வயதான மனுசியைக் கேளுங்கள்.

கலியாணத்தில் அறுகரிசி போட்டேன். என்ன விசாரித்தீர்கள் என்று ஜூலியனின் தாய் வந்து கேட்டா. நல்ல குடும்பம் என்றேன். அவவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். இனி வம்புக்கு வந்தாவென்றால், இதையே பிரெஞ்சில் எழுதித் தரவும் என்னிடம் ஆள் இருக்கு.