பஃபலோவுக்கு அப்பால் ஒன்றுமில்லை

நாங்கள் வாழ்ந்த டோர்ட்மண்டுக்கு அமெரிக்காவில் ஒரு சகோதர நகரம் உண்டு. பெயர் பஃபலோ. ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. இரும்பாலைகள் மூடப்பட்ட ஊர். குளிர்காலத்தில் ஏரிக்காற்று பனியை அள்ளிக் கொட்டும் ஊர். 1901இல் ஒரு ஜனாதிபதி சுடப்பட்ட ஊர். இவற்றையெல்லாம் நான் நான்காம் வகுப்பில் படித்தேன். அது 2004 டிசம்பர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவிலிருந்து தரைவழியாகப் போய்க் கனடாவில் அகதியாகப் பதியும் வழி, அந்த மாதம் 29ஆம் திகதியிலிருந்து பெரும்பாலானோருக்கு அடைபடவிருந்தது.

சித்தப்பா அப்போது பஃபலோவில் இருந்தார். ஜெர்மனியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, எப்படியோ அமெரிக்கா போய்ச் சேர்ந்து, எல்லைப் பாலத்தைக் கடந்து கனடாவுக்குள் நுழையக் காத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் குசுகுசுத்ததை ஒட்டுக்கேட்டுத்தான் இவ்வளவும் அறிந்தேன். வீட்டில் அந்த ஊரின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ஒருநாள் நான் வாய் தவறிச் சொன்னபோது அம்மா என் வாயைப் பொத்தினார்.

“பேரைச் சொல்லாதை. முதலிலை ஆள் அங்காலை போய்ச் சேரட்டும்.”

பெயர் வெளியே போனால் சித்தப்பாவைப் பிடித்துவிடுவார்கள் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஆசிரியை சகோதர நகரங்களைப் பற்றிப் பேசச் சொல்லி, ஆளுக்கொரு நகரத்தைப் பங்கிட்டார். எனக்குப் பஃபலோ. வேறு நகரம் கேட்டுக் கெஞ்சிப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார். வீட்டில் மூச்சுவிடாமல் நூலகத்தில் இருந்து படித்தேன். வரைபடத்தில் அந்தப் பாலம் தெளிவாகவே இருந்தது. அதன் மறுமுனையில் கனடா. நான் வரைந்த படத்தில் அந்தப் பக்கத்தை வெறும் வெள்ளையாக விட்டேன்.

பேசவேண்டிய நாளில் நகரசபையிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து, பேனாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கழுத்துப்பட்டி கட்டி எழுதுகிறவர்களை நான் அதற்குமுன் ஓரிடத்தில்தான் பார்த்திருந்தேன்: யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்று சொல்லும் வெளிநாட்டவர் அலுவலகத்தில். பனியைச் சொன்னேன், தானியக் களஞ்சியங்களைச் சொன்னேன், ஜனாதிபதியையும் சுட்டு முடித்தேன். அவர் கையை உயர்த்தினார். நகரத்துக்கு அப்பால், அந்தக் கரையில் என்ன இருக்கிறது?

ஒன்றுமில்லை என்றேன்.

பாலம் ஏதாவது? பாலமும் இல்லை. அப்படியென்றால் உலகம் அங்கே முடிகிறதா என்று முன்வரிசைப் பையன் கேட்க, வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்தபடி எதையோ எழுதினார். சித்தப்பாவின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று மாலை சோறு இறங்கவில்லை. என்னவென்று அம்மா கேட்டதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எடியே, வெளிக்கிட்ட ஆளை எங்கை போறாய் எண்டு கேக்கக்கூடாது, போற இடத்தைச் சொல்லவும் கூடாது. சொன்னா காரியம் சரிவராது. அதுக்குத்தான் சொன்னனான். பொலிசுக்குப் பயந்தில்லை!”

“ஒளிச்சுப் போக அவனென்ன கள்ளனோ?” என்றார் அப்பா. “கனடாக்காரனே டெர்மின் குடுத்து, இந்த நாள் இந்த நேரம் வாங்கோ எண்டு கூப்பிட்டிருக்கிறான். நீ பாலத்தையே இல்லாமல் ஆக்கிப்போட்டாய்.”

அவர் கேலி செய்தாலும், தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு முறையும் கரண்டியைக் கீழே வைத்ததைக் கவனித்தேன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அந்தப் பேனா என் கனவில்கூட எழுதிக்கொண்டிருந்தது.

நத்தார் விடுமுறை தொடங்குவதற்கு முன் அழைப்பு வந்தது. சித்தப்பா பாலத்தைக் கடந்துவிட்டார். அம்மா தெரிந்த எல்லோருக்கும் தொலைபேசியில் “பஃபலோவிலையிருந்து, ஓம், பஃபலோ! அகதி வழக்கு முடியுமட்டும் இனி அங்கைதான், எத்தினை வருசமோ!” என்று கத்திக்கத்திச் சொன்னார். துள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அப்பா யன்னலைப் பார்த்தபடி நின்றார்.

“இனி சித்தப்பாவுக்குப் பயமில்லைத்தானே அப்பா? கோடை விடுமுறைக்கு இஞ்சை வருவாரோ?”

“ஓம் பிள்ளை, வருவான்.”

சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார். எந்த விடுமுறையில் வருவார், எத்தனை வாரம் நிற்பார் என்று நான் அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேயிருந்தேன்.